ஒரே வயல், ஒரே வறுமை, தேறிய சில பிள்ளைகள்: வியட்நாமின் தான் ஹோவா கிராமங்கள் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஏழைப்பட்ட ஊரில் ஒரு குழந்தை மெலிந்திருந்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. வீட்டில் இல்லை, அதனால் பிள்ளை தேறவில்லை என்று விட்டுவிடுகிறோம். ஆனால் அதே தெருவில், அதே வேலைக்குப் போகிற பெற்றோருக்கு, அதே அளவு அரிசி வேகிற வீட்டில் இன்னொரு பிள்ளை வயதுக்கேற்ற எடையோடு ஓடியாடிக்கொண்டிருந்தால் அங்கே நின்று விசாரிக்க வேண்டும். அப்படி நின்று விசாரித்ததுதான் 1990களின் தொடக்கத்தில் வியட்நாமின் தான் ஹோவா மாகாணத்தில் நடந்தது.

குழந்தை வளர்ப்புக்கும் ஊட்டச்சத்துக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேசும்போது இந்த நிகழ்வை நான் முன்னால் வைப்பதற்குக் காரணம் உண்டு. வறுமையை மறைக்காமல், தாயைக் குற்றம் சாட்டாமல், வளர்ப்புப் பழக்கத்தின் பங்கைத் தனியாகப் பிரித்துக் காட்டிய நிகழ்வுகள் மிகக் குறைவு. இது அதைச் செய்தது. எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் அளந்தும் பார்த்திருக்கிறார்கள்.

அன்றைய நிலை

வியட்நாம் 1986-ல் பொருளாதாரச் சீர்திருத்தத்தைத் தொடங்கியது. கூட்டுப் பண்ணைகள் கலைந்து, நிலத்தைப் பயிரிடும் உரிமை குடும்பங்களின் கைக்கு வந்துகொண்டிருந்தது. 1989 முதல் நாடு பெருமளவில் அரிசி ஏற்றுமதியும் செய்தது. இருந்தும் சிறு குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் ஊட்டக்குறைவில் இருந்தார்கள். அரிசி விளைகிற நாட்டில், நெல் வயல்களுக்கு நடுவில் வாழ்கிற பிள்ளைகளின் நிலை அது.

அதற்கு முன்பும் உணவு கொடுக்கும் திட்டங்கள் வந்து போயிருந்தன. திட்டம் நடக்கும்வரை பிள்ளைகள் எடை கூடுவார்கள். சாமான் வருவது நின்றதும் பழையபடி இளைப்பார்கள். வெளியிலிருந்து வந்த மாவும் எண்ணெயும் தீர்ந்த பிறகு வீட்டில் மிஞ்சியிருந்தது பழைய பழக்கம் மட்டும்தான்.

குழந்தைகள் நலத் தொண்டு நிறுவனமான சேவ் த சில்ட்ரன் அமைப்பின் அமெரிக்கக் கிளை சார்பில் ஜெர்ரி ஸ்டெர்னினும் அவர் மனைவி மோனிக் ஸ்டெர்னினும் 1990 டிசம்பரில் ஹனோய் வந்து இறங்கினார்கள். வியட்நாம் மீதான அமெரிக்காவின் வர்த்தகத் தடை அப்போது நீங்கவில்லை. 1994-ல்தான் அது விலக்கப்பட்டது. அமெரிக்க அமைப்பு என்றாலே சந்தேகமாகப் பார்க்கப்பட்ட காலம். ஆறு மாதத்தில் பலன் காட்ட வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். கையில் பெரிய நிதி இல்லை, ஆள் இல்லை.

சுத்தமான குடிநீர், கழிப்பறை, வருமானம், பெண்கல்வி எல்லாம் வந்தால் ஊட்டக்குறைவு போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்த உண்மை. ஆறு மாதத்தில் அதில் எதையும் கொண்டுவர முடியாது. இந்த நெருக்கடிதான் அவர்களை வேறு பக்கம் திருப்பியது. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் மரியன் ஸைட்லின் அந்தச் சமயத்தில் ஒரு விஷயத்தை எழுதிவந்தார். ஏழை ஊர்களில்கூடச் சில குழந்தைகள் நன்றாக வளர்கிறார்கள், அவர்களை ஆராய வேண்டும் என்பது அவர் வாதம். பாசிட்டிவ் டீவியன்ஸ், அதாவது ஊர் வழக்கத்திலிருந்து நல்ல பக்கமாக விலகி நிற்பது, என்ற பெயரில் ஏட்டில் இருந்த அந்தக் கருத்தை ஸ்டெர்னின் தம்பதி வயல்வெளிக்குக் கொண்டுபோனார்கள்.

எடை போட்டதும் கேட்ட கேள்வியும்

இடம், ஹனோய்க்குத் தெற்கே தான் ஹோவா மாகாணத்தின் கடலோர மாவட்டமான குவாங் சுவோங். நான்கு கிராமங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பெண்கள் சங்கத்தைச் சேர்ந்த ஊர்த் தொண்டர்கள் மூன்று வயதுக்குட்பட்ட சுமார் 2,000 குழந்தைகளை எடை போட்டார்கள். 64 சதவீதம் பேர் ஊட்டக்குறைவு.

இந்த இடத்தில் ஒரு சாதாரணத் திட்டம் அந்த 64 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு போயிருக்கும். பட்டியல் போட்டு, சத்துணவு கொடுத்து, மறுபடி எடை பார்த்திருக்கும். இவர்கள் மீதி 36 சதவீதத்தைப் பார்த்தார்கள். அதிலும் எல்லோரையும் அல்ல. எது பரம ஏழைக் குடும்பம் என்று ஊராரே பிரித்துச் சொன்னார்கள். பிறகு தொண்டர்களிடம் ஒரே கேள்வி: மிக ஏழ்மையான வீட்டுப் பிள்ளைகளில் நல்ல எடையோடு இருப்பவர்கள் யாராவது உண்டா?

இருந்தார்கள்.

அந்தப் பட்டியலையும் சல்லடை போட்டார்கள். பார்த்தால் ஏழை வீடு, ஆனால் வசதியான உறவுக்காரர் பின்னால் இருந்து உதவுகிறார் என்றால் அந்த வீடு கணக்கில் வராது. அந்த உதவி இல்லாத பக்கத்து வீட்டுக்காரரால் அதைப் பின்பற்ற முடியாதே. இந்தக் கண்டிப்புதான் ஆய்வின் உயிர். நன்றாக வளர்ந்த பிள்ளையைக் கண்டுபிடிப்பது எளிது. யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய காரணத்தால் நன்றாக வளர்ந்த பிள்ளையைக் கண்டுபிடிப்பதற்குத்தான் மெனக்கெட வேண்டும். தொண்டர்கள் அந்த வீடுகளுக்கே போய், சமைக்கிற நேரத்திலும் ஊட்டுகிற நேரத்திலும் கூடவே இருந்து பார்த்தார்கள்.

அந்த வீடுகளில் கண்டது

வயலுக்குப் போய்வரும் தகப்பனோ தாயோ திரும்பும்போது ஒரு கைப்பிடி எதையோ கொண்டுவந்தார்கள். நெல் வயலின் தண்ணீரில் கிடக்கும் பொடி இறால், விரல் கணு அளவே உள்ள குட்டி நண்டு, நத்தை. கூடவே சர்க்கரைவள்ளிக் கொடியின் இலை. இதெல்லாம் கஞ்சியிலோ சோற்றிலோ சேர்ந்து குழந்தையின் வாய்க்குப் போனது. காசு கிடையாது. எல்லோருடைய வயலிலும் கிடப்பதுதான். ஆனால் சின்னப் பிள்ளைக்கு அது ஆகாது, வயிற்றைக் கெடுக்கும் என்று ஊர் ஒதுக்கி வைத்திருந்தது. ஏழைகள் தின்பது என்கிற கூச்சமும் சேர்ந்திருந்தது.

நமக்கு இது புதிதல்ல. முட்டை கொடுத்தால் மாந்தம், கீரை கொடுத்தால் பேதி, இரவில் தயிர் கொடுத்தால் சளி என்று சொல்லிச் சொல்லியே ஒரு வயதுப் பிள்ளையின் தட்டை ரசம் சாதத்தோடு நிறுத்திவிடும் வீடுகள் நம் ஊரில் எத்தனையோ. காவிரி டெல்டாவில் வயல் நண்டும் நத்தையும் தின்பவரைப் பார்க்கும் பார்வையில் சாதியும் ஒளிந்திருக்கிறது. குழந்தையின் தட்டில் என்ன விழலாம் என்பதை வீட்டு வருமானத்தோடு சேர்ந்து இந்த நம்பிக்கைகளும் முடிவு செய்கின்றன.

இரண்டாவது, வேளைக் கணக்கு. ஊரில் பெரும்பாலான வீடுகளில் பெற்றோர் காலையில் வயலுக்குப் போகுமுன் ஒரு முறை, அந்தியில் திரும்பியபின் ஒரு முறை எனக் குழந்தைக்கு இரண்டே வேளைதான். எடை நன்றாக இருந்த பிள்ளைகளின் வீட்டில் நான்கு அல்லது ஐந்து வேளை. ஆச்சரியம் என்னவென்றால் அந்த வீட்டில் அரிசி கூடுதலாக இல்லை. இருப்பதைப் பிரித்துப் பிரித்துக் கொடுத்தார்கள்.

இதை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஏனென்றால் ஊட்டுகிற வேளை என்பது அன்பு சம்பந்தப்பட்ட விஷயம் போலத் தோன்றினாலும் உண்மையில் அது கணக்கு. சின்னக் குழந்தையின் இரைப்பை ஒரு தடவையில் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 30 மில்லிதான் கொள்ளும். எட்டு கிலோ குழந்தை என்றால் 240 மில்லி, கிட்டத்தட்ட ஒரு டம்ளர். நீர்க்கக் காய்ச்சிய அரிசிக் கஞ்சி மில்லிக்கு அரை கலோரி கொடுத்தாலே பெரிது. ஆக ஒரு வேளைக்கு 120 கலோரி. தாய்ப்பாலும் குடித்துவரும் ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள்ளான குழந்தைக்கு, பால் போக உணவிலிருந்து மட்டும் நாளுக்கு 550 கலோரி தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இரண்டு வேளைக் கஞ்சி 240 கலோரியோடு நின்றுவிடும். பானையில் கஞ்சி மிச்சம் இருந்தாலும் குழந்தை பசியோடுதான் தூங்கும். அதற்குமேல் அதன் வயிற்றில் இடமில்லை. ஐந்து வேளை என்றால் 600.

இன்னொரு வழியும் இருக்கிறது. கஞ்சியைக் கெட்டியாக்கினால், ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டால் (அதிலேயே 40 கலோரிக்கு மேல்), இறாலோ பருப்போ சேர்த்தால் ஒவ்வொரு டம்ளரும் கனக்கும். கெட்டியும் வேளையும் சேர்ந்துதான் வேலை செய்யும். நம் பக்கத்தில் உணவு ஊட்டத் தொடங்கும் முதல் நாட்களுக்கு மேலும் தொடர்கிற பருப்புத் தண்ணீர் பழக்கத்தை இந்தக் கணக்கு வைத்துப் பார்த்தால் நிலைமை புரியும். தெளிந்த தண்ணீர் மேலே, பருப்பு அடியில். பிள்ளைக்குத் தண்ணீர், பெரியவர்களுக்குப் பருப்பு.

மூன்றாவது, யார் ஊட்டுவது. பெற்றோர் வயலில் இருக்கும் நேரத்தில் பிள்ளை தாத்தா பாட்டியிடமோ அக்காவிடமோ இருக்கும். தேறிய பிள்ளைகளின் வீட்டில் பெற்றோர் வேலைக்குக் கிளம்புமுன் எதை எப்போது கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஊட்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, பேச்சுக் கொடுத்து, பிள்ளை முகத்தைத் திருப்பினால் கொஞ்சம் பொறுத்து மறுபடி கொடுத்தார். மற்ற வீடுகளில் கிண்ணத்தை முன்னால் வைத்துவிட்டால் வேலை முடிந்தது. ஒன்றரை வயதுப் பிள்ளை நாலு வாய் தின்று விளையாடப் போய்விடும், மீதியைக் கோழி தின்னும்.

கை கழுவும் பழக்கத்திலும் வித்தியாசம் இருந்தது. ஊட்டுமுன் கழுவுவது மட்டுமல்ல, தவழ்ந்து திரியும் குழந்தையின் கை அழுக்கைத் தொட்டபோதெல்லாம் கழுவினார்கள். வயிற்றுப்போக்கு வந்தபோது பட்டினி போடாமல் ஊட்டுவதைத் தொடர்ந்தார்கள்.

இவற்றில் எதுவும் மருத்துவ உலகத்துக்குப் புதிய செய்தி அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்களும் இதைத்தான் சொல்கின்றன: ஆறு மாதம் முடிந்ததும் இணையுணவு, ஒன்பது மாதத்திலிருந்து நாளுக்கு மூன்று நான்கு வேளையும் இடையில் சிற்றுணவும், பொறுமையாக, வற்புறுத்தாமல், குழந்தையின் பசிக் குறிப்பறிந்து ஊட்டுதல். தான் ஹோவாவில் புதியது என்னவென்றால், இதை அந்த ஊர்க்காரர் ஒருவர், அந்த ஊர் வருமானத்தில், யாரும் சொல்லாமலே செய்துகொண்டிருந்தார் என்பதுதான். 'எங்களால் முடியாது' என்ற பதிலுக்கு அங்கே இடமில்லாமல் போனது.

சொல்லிக் கொடுப்பதற்குப் பதில் செய்ய வைத்தது

கண்டுபிடித்ததை ஊரைக் கூட்டி அறிவித்திருக்கலாம். படம் வரைந்து சுவரில் ஒட்டியிருக்கலாம். ஸ்டெர்னின் தம்பதி அதைத் தவிர்த்தார்கள். எது நல்லது என்று தெரிந்துகொள்வதற்கும் அதைத் தினமும் செய்வதற்கும் நடுவில் பெரிய பள்ளம் உண்டு என்பது முந்தைய திட்டங்களில் அவர்கள் பார்த்த அனுபவம்.

அதற்குப் பதிலாக ஊட்டக்குறைவுள்ள பிள்ளைகளின் தாய்மார்களோ, அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களோ சிறு சிறு குழுவாக அக்கம்பக்கத்து வீடு ஒன்றில் இரண்டு வாரம் தினமும் கூடினார்கள். கூடிச் சமைத்தார்கள், கைகழுவி ஊட்டினார்கள். முதல் நாளும் கடைசி நாளும் எடை போட்டார்கள். உள்ளே வர ஒரு கட்டணம் இருந்தது. ஒவ்வொருவரும் வரும்போது ஒரு கைப்பிடி பொடி இறாலோ நண்டோ, சர்க்கரைவள்ளி இலையோ கொண்டுவர வேண்டும்.

இந்தக் கட்டணம்தான் என்னை இந்த நிகழ்வை மறுபடி மறுபடி படிக்க வைத்தது. வாங்கிக் கொடுத்திருந்தால் செலவு அதிகமில்லை. ஆனால் வாங்கிக் கொடுத்திருந்தால் தாய் அந்த இரண்டு வாரமும் வாங்கிச் சாப்பிடுபவளாகவே இருந்திருப்பாள். கட்டணம் இருந்ததால் தினமும் வயலில் இறங்கிக் குனிந்து தேட வேண்டியிருந்தது. எந்த வரப்போரம் கிடைக்கும், எந்த நேரத்தில் கிடைக்கும் என்று அவளுக்கே பழகியது. அக்கம்பக்கத்தார் பார்க்க அதை எடுத்துவந்ததில் கூச்சமும் போனது, எல்லோரும் எடுத்துவருகிறார்களே. பிள்ளை தின்று, பேதியாகாமல், இரண்டு வாரத்தில் முகம் தெளிந்தபோது 'ஆகாது' என்ற பழைய நம்பிக்கை வாதம் இல்லாமலே தளர்ந்தது. பாட்டி ஒருவரிடம் இரும்புச்சத்து பற்றிப் பேசி அவர் மனதை மாற்றுவதைவிட, பேரன் தின்பதை அவர் கண்ணால் பார்க்க வைப்பது எளிது.

எடை தேறாத பிள்ளையின் தாய் அடுத்த சுற்றிலும் வரலாம்.

ஆறு மாதம் முடிந்தபோது, பங்கெடுத்த பிள்ளைகளில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் ஊட்டக்குறைவிலிருந்து மீண்டிருந்தார்கள். இன்னொரு 20 சதவீதம் பேர் கடுமையான நிலையிலிருந்து மிதமான நிலைக்கு ஏறியிருந்தார்கள். அரசு தங்கும் அனுமதியை நீட்டித்தது. அடுத்த கட்டத்தில் திட்டம் 14 கிராமங்களுக்குப் போனது. அதன்பின் பிற மாவட்டங்களிலிருந்து ஆட்கள் குவாங் சுவோங்குக்கு வந்து, நேரில் பார்த்துப் பழகித் தங்கள் ஊருக்குத் திரும்பினார்கள். ஒரு ஊரின் விடையை, அதாவது இறாலையும் சர்க்கரைவள்ளி இலையையும், அவர்கள் எடுத்துச் செல்லவில்லை. தேடும் முறையைத்தான் எடுத்துச் சென்றார்கள். வேறு ஊரில் வேறு உணவு விடையாக வந்தது. இறுதியில் 265 கிராமங்கள், 22 லட்சம் மக்கள் வரை இது பரவியது.

அளந்து பார்த்தவர்கள் சொன்னது

வெற்றிக் கதைகளை அப்படியே எடுத்துக்கொள்வது ஆபத்து. 1990களில் வியட்நாமின் பொருளாதாரம் வேகமாக வளர்ந்தது. வீட்டில் காசு புழங்கினால் பிள்ளை தானே தேறும். தான் ஹோவாவின் முன்னேற்றத்தில் எவ்வளவு பழக்கத்தால், எவ்வளவு பொருளாதாரத்தால் என்று பிரிக்க, ஒப்பிட்டுப் பார்க்க வேறு கிராமங்கள் வேண்டும்.

அப்படி இரண்டு முக்கியமான ஆய்வுகள் 2002-ல் வெளியாயின. முதலாவது, திட்டம் முடிந்து மூன்று நான்கு ஆண்டுகள் கழித்துப் பழைய கிராமங்களுக்குப் போய்ப் பார்த்தது. பங்கெடுத்த தாய்மார்கள் அந்தப் பழக்கங்களைக் கைவிடவில்லை. அவர்களுக்குப் பின்னாளில் பிறந்த பிள்ளைகள், அதாவது திட்டத்தையே பார்த்திராத தம்பி தங்கைகள், ஒப்பீட்டுக் குடும்பங்களின் பிள்ளைகளைவிட நன்றாக வளர்ந்திருந்தார்கள்.  முதல் பிள்ளைக்குக் கற்றது இரண்டாவது பிள்ளைக்கும் செல்லும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

இரண்டாவது ஆய்வு வடக்கே ஃபூ தோ மாகாணத்தில் நடந்தது. 12 கிராமங்களை எடுத்து, குலுக்கல் முறையில் பாதியில் திட்டத்தை நடத்தி, பாதியில் நடத்தாமல், ஓராண்டு பின்தொடர்ந்தார்கள். மொத்தக் கணக்கில் வளர்ச்சியில் பெரிய வித்தியாசம் வரவில்லை. ஆனால் தொடக்கத்தில் 15 மாதமோ அதற்குக் குறைவாகவோ இருந்த பிள்ளைகளிலும், அதிக ஊட்டக்குறைவோடு இருந்தவர்களிலும் பலன் தெரிந்தது. மற்ற கிராமத்துப் பிள்ளைகள் சரிந்த அளவுக்கு அவர்கள் சரியவில்லை. மூச்சுத் தொற்றுகளும் குறைந்திருந்தன.

இந்த இரண்டாவது முடிவைத் தோல்வி என்று சிலர் படிக்கலாம். நான் அப்படிப் படிக்கவில்லை. இரண்டு செய்திகள் அதில் உள்ளன. ஒன்று, நேரம். வளர்ப்புப் பழக்கத்தால் அதிகம் காப்பாற்றப்படுவது ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரையுள்ள பிள்ளை. தாய்ப்பால் மட்டும் போதாமல் போய், வீட்டுச் சோறும் இன்னும் பழகாத இடைவெளி அது. இரண்டரை வயதில் எடையைக் கொஞ்சம் மீட்கலாம், இழந்த உயரத்தை மீட்பது கடினம். இன்னொன்று, எல்லை. பழக்கம் எல்லாவற்றையும் செய்துவிடாது. கை கழுவுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே மூன்று நாடுகளிலும் பின்னாளில் நடந்த பெரிய ஆய்வுகளில், தண்ணீர், கழிப்பறை, கைகழுவல் ஏற்பாடுகள் மட்டும் குழந்தைகளின் உயரத்தைக் கூட்டவில்லை. கழுவிய கையில் ஊட்டுவதற்கு உணவும் இருக்க வேண்டும்.

ஆகவே 'பெற்றோர் சரியில்லை, அதனால் பிள்ளை மெலிந்தது' என்று இந்த நிகழ்வை வைத்து யாராவது சொன்னால் அது தவறு. இரண்டு வேளை மட்டும் ஊட்டிய தாய் சோம்பேறி அல்ல. நடவுக்கும் அறுவடைக்கும் போயாக வேண்டியவள். அவளுக்கு மாற்றாகப் பகலில் ஊட்ட ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். தான் ஹோவாவில் பழக்கம் என்று பேசப்பட்டதெல்லாம் தாய் ஒருத்தியின் குணம் அல்ல. தகப்பன், பாட்டி, அக்கா எல்லோரும் சேர்ந்த வீட்டு ஏற்பாடு. இறாலைக் கொண்டுவந்தவர்களில் தகப்பன்மாரும் இருந்தார்கள்.

நம் பக்கம் திரும்பிப் பார்த்தால்

தான் ஹோவாவுக்குப் பத்து ஆண்டுகள் முன்பே தமிழ்நாடு இதற்கு நெருக்கமான ஒன்றைச் செய்தது. 1980-ல் உலக வங்கிக் கடனுதவியோடு, மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டது. எடை ஏறாமல் நின்ற பிள்ளைக்கு மட்டும், அதுவும் குறைந்தது 90 நாள் கணக்கு வைத்து, சத்து உருண்டை கொடுத்தது. தேறியதும் நிறுத்தியது. வீட்டிலேயே கொடுக்க முடிகிற அளவு கூடுதல் உணவே பிள்ளையைத் தேற்றும் என்று தாய் கண்ணால் காண வேண்டும் என்பதும் அந்த உருண்டையின் நோக்கம். கிராம ஊட்டச்சத்துப் பணியாளரைத் தேர்ந்தெடுத்தபோது, ஏழையாக இருந்தும் தன் பிள்ளைகளை நன்றாக வளர்த்த பெண்ணுக்கு முன்னுரிமை கொடுத்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஊரில் யாருக்கு விடை தெரியும் என்று அன்றே ஒருவர் யோசித்திருக்கிறார்.

அந்தத் திட்டப் பகுதிகளில் கடுமையான ஊட்டக்குறைவு நன்றாகவே குறைந்தது. மிதமான ஊட்டக்குறைவு அந்த அளவுக்கு அசையவில்லை. எடை போடுவது, உருண்டை கொடுப்பது, பதிவேடு எழுதுவது என்று பணியாளரின் நாள் கழிந்துவிட, வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசும் நேரம் சுருங்கியது அதற்கு ஒரு காரணம் என்பது என் கணிப்பு. அடுப்படியில் நடப்பது பதிவேட்டில் ஏறாது.

இன்று நம் பிரச்சினையின் முகம் மாறியிருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 6 முதல் 23 மாத வயதுப் பிள்ளைகளில் போதுமான உணவு பெறுபவர்கள் 11.3 சதவீதம் மட்டுமே. தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கும் மாநிலத்தில் இந்த எண்ணிக்கையை அரிசிப் பற்றாக்குறையால் விளக்க முடியாது.

என்ன நடக்கிறது? காலையில் டீயில் நனைத்த பிஸ்கட். டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. பிஸ்கட்டில் மாவும் சர்க்கரையும்தான் பிரதானம். பதினொரு மணிக்கு அழுதால் ஐந்து ரூபாய்ப் பொட்டலம். 'பிள்ளை சாப்பிடவே மாட்டேங்கிறான், பாலாவது குடிக்கட்டும்' என்று நாளுக்கு நாலு டம்ளர் பால். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. வயிறு பாலால் நிறைந்த பிள்ளைக்குச் சோற்றின்மேல் பசி வராது. மத்தியானம் செல்போனில் பாட்டு ஓட, வாய் தானாகத் திறக்க, பிள்ளை என்ன தின்கிறோம் என்று தெரியாமல் விழுங்குகிறது. இல்லையென்றால் தெருவெல்லாம் துரத்திக்கொண்டு ஒரு மணி நேரம் ஊட்டல். தான் ஹோவாவில் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனார்கள். இங்கே வாயில் திணிக்கிறார்கள். இரண்டிலும் பிள்ளையின் பசியை யாரும் கேட்கவில்லை.

இதற்கும் விடை ஊருக்குள் இருக்கும் என்றே நினைக்கிறேன். ஒவ்வொரு அங்கன்வாடியிலும் மாதாந்திர எடைப் பதிவு இருக்கிறது. வளர்ச்சி அட்டையில் மஞ்சளிலும் அதற்குக் கீழும், அதாவது எடை குறைந்து, உள்ள பிள்ளைகளின் பெயர்கள் மேலிடத்துக்குப் போகின்றன. பச்சையில், அதாவது சரியான எடையோடு, உள்ள பிள்ளைகளில், கூலி வேலைக்குப் போகும், சொந்த நிலம் இல்லாத, வசதியான உறவும் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் யார் யார் என்று அதே பதிவேட்டிலிருந்து ஒரு மதிய நேரத்தில் பிரித்துவிடலாம். மூன்று வீடுகள் கிடைத்தாலும் போதும்.

அந்த வீடுகளுக்குப் போகிறவர் கேள்வித்தாள் கொண்டுபோக வேண்டாம். 'என்னம்மா கொடுக்கிறீங்க?' என்று கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான் வரும். சமைக்கிற நேரத்துக்குப் போய், ஊட்டி முடிக்கும்வரை இருக்க வேண்டும். பிள்ளைக்குத் தனித் தட்டு உண்டா, குழம்பில் மேலாக வரும் தண்ணீரா அடியிலிருக்கும் பருப்பா, முட்டையை யார் சாப்பிடுகிறார், முருங்கைக் கீரை பிள்ளையின் தட்டுக்கு வருகிறதா, கடைசி வேளைக்கும் தூக்கத்துக்கும் எவ்வளவு இடைவெளி, அம்மா வேலைக்குப் போன பின் பதினொரு மணிக்கு யார் என்ன கொடுக்கிறார், கடைக்காரப் பொட்டலத்துக்கு அழும்போது அந்த வீட்டுப் பாட்டி என்ன சொல்லிச் சமாளிக்கிறார், காய்ச்சல் நேரத்தில் சோறு நிற்கிறதா. பார்த்ததை மற்ற வீட்டுத் தாய்மார்களுக்குச் சொல்லும் வேலையைப் பணியாளர் எடுத்துக்கொள்ளாமல், அந்தப் பாட்டியின் வாசலிலேயே பத்து நாள் கூடிச் சமைக்க ஏற்பாடு செய்தால், ஆளுக்கு ஒரு பிடி முருங்கைக்கீரை கொண்டுவரச் சொல்வதிலிருந்து தொடங்கலாம்.